குத்தகை நிலமும் கூடுதல் உரமும்



மே மாதம் 15-ந் தேதி நினைவுகூரப்படும் அர்ச். இசிதோர், ஸ்பெயின் தேசத்து மத்ரித் பட்டணத்தருகே பிறர் நிலத்தில் ஏர் உழுத ஏழைக் கூலியாள். 1622-ம் ஆண்டில் திருச்சபை அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தது. தாம் உழுத நிலம் வேறொருவருடையது என்பதை அவர் ஒருநாளும் மறக்க முடியாது. பட்டாவும் பத்திரமும் வைத்திருக்கிற நாமோ மறந்துவிடுகிறோம். ஆதித் தகப்பனைத் தோட்டத்தில் வைத்த சர்வேசுரன், அதை உழச் சொன்னதோடு காக்கவும் சொன்னார். ஆகையால் நாம் எல்லோரும் குத்தகைக்காரரே.

"யூரியா போடுவது பாவமா, சாமி?" என்று ஒரு குடியானவர் கேட்டார். பாவமல்ல. 1909-ம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து ஹாபர் என்னும் சாஸ்திரி, காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அமோனியா உண்டாக்கிக் காட்டினார். அதன் பயனாய் இன்று கோடானுகோடிப் பேர் வயிறு நிரம்புகிறது. மனுஷ புத்தியும் சர்வேசுரன் தந்த வரமே. ஆனால் வரத்தை அளவின்றி இறைத்தால் அது கேடாய் முடியும்.

கணக்கைப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறத்தாழ 21 கிலோ தழைச்சத்து உண்டு. நெற்பயிர் பெரும்பாலும் அதில் பாதியைக்கூட எடுத்துக்கொள்வதில்லை. மீதியில் ஒரு பங்கு அமோனியாவாய் ஆவியாகிறது. ஒரு பங்கு நைட்ரேட்டாகிக் கிணற்றிலும் குளத்திலும் சேருகிறது. ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாய் ஆகாயத்தில் ஏறுகிறது; நூறு வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு பூமியைச் சூடேற்றும்.

கிணற்றில் சேர்ந்ததுதான் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் கூடாது என்பது நம் தேசத்து விதி. அளவு மீறிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதம் நிரம்பாத சிசுவின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கக்கூடும். தாய் தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் நைட்ரேட்டு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். சாக்கடையும் சாணக்குழியும்கூட இக்கேட்டை விளைவிக்கும் என்பது மெய்யே. அதனால் நம் பங்குக்கு நாம் பொறுப்பில்லை என்றாகிவிடாது.

அதிகம் போட்டவனுக்காவது லாபமுண்டா? பயிர் கரும்பச்சையாய்ச் செழித்து, வரப்பில் போகிறவர் மெச்சுவார்கள். பிறகு புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் வரும். காற்றடித்தால் பயிர் சாயும். மருந்துக்கு வேறு கடன் வாங்க வேண்டும். அண்டை வயலைவிட நம் வயல் பச்சையாயிருக்க வேண்டுமென்ற வீண் பெருமைக்கு இவ்வளவு செலவு!

நம்மால் ஆகக்கூடியவை பல உண்டு. இலை வண்ண அட்டையை வாங்கி, நட்ட 14-ம் நாள் முதல் வாரந்தோறும் பத்து இலைகளை உங்கள் உடல் நிழலில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அவற்றில் பாதிக்கு மேல் வெளிறியிருந்தால் மாத்திரம் உரமிடுங்கள். மொத்தமாய்க் கொட்டாமல் பிரித்து இடுங்கள். மழை கறுக்கும்போது இடவேண்டாம். இட்டபின் வயல்நீரை வாய்க்காலில் வடியவிட வேண்டாம். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். சம்பா அறுவடைக்குப்பின் உளுந்தோ பயறோ விதைத்தால், அதன் வேர் முடிச்சுகளே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும், அதற்கு விலையில்லை.

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ம் ஆண்டில் எழுதிய நிருபத்தில், பூமியை மாசுபடுத்துகிறவற்றில் உரங்களையும் எடுத்துரைத்தார். ஐந்தாம் கற்பனை கத்தி எடுத்தவனுக்கு மாத்திரமல்ல. அயலான் குடிக்கும் நீர் கெடுமென்று அறிந்தும் அசட்டையாயிருப்பவன், ஆத்தும சோதனையில் அதையும் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டவன். அறியாமல் செய்ததற்காகக் கலங்க வேண்டாம். இனி அறிந்தோம், இனித் திருந்துவோம்.

இந்தச் சாகுபடியில் ஒரு காணியிலாவது அட்டையைப் பார்த்து உரமிடுவோமென்று குடும்பமாய்ப் பிரதிக்கினை செய்யுங்கள். மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுங்கள். நிலத்துக்கு உடையவர் கணக்குக் கேட்கும் நாளில், பெற்றுக்கொண்டபடியே சுத்தமாய்த் திருப்பி ஒப்புவிக்கும் கிருபையை அவரே நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.