அந்த ரப்பரைக் கீழே வை

அந்த ரப்பரைக் கீழே வை, தம்பி! ரெக்கார்டு நோட்டில் நீ அழிக்கப் போகிற −13 யாரோ சொன்ன எண் இல்லை. காலையிலிருந்து கால் கடுக்க நின்று நீ எடுத்த ரீடிங். முதலில் 21 வந்ததே, இப்போது ஏன் ஒத்துவரவில்லை என்று கை நடுங்குகிறதா? நடுங்க வேண்டாம். முதலில் நீ எவ்வளவு பெரிய காரியத்தில் இறங்கியிருக்கிறாய் என்று தெரிந்துகொள்.

உன் முன்னால் கிடப்பது 1 சதுர செ.மீ. குறுக்குப் பரப்புள்ள செம்புக் கட்டை. அதில் 10 செ.மீ. நீளத்துக்கு மின்தடை ஏறக்குறைய 17 மைக்ரோ ஓம். ஓர் ஓமைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் பதினேழு கூறுதான்! சாதாரண மல்டிமீட்டரை வைத்துப் பார், 0.2 ஓம் என்று காட்டும். அது செம்பின் குரலே இல்லை. மீட்டரின் வயரும் முனைகளும் போடுகிற கூச்சல். அந்தக் கூச்சல் உண்மையைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல்.

அதற்குத்தானே நாலு வயர் கட்டினாய்! வெளி இரண்டில் 1 ஆம்பியர் ஓடுகிறது. உள் இரண்டும் மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கின்றன. அவற்றில் மின்னோட்டம் கிட்டத்தட்ட இல்லை, அதனால் அவற்றின் தடை கணக்கில் நுழையவே முடியாது. ஆனாலும் இன்னொரு திருடன் உண்டு. வெவ்வேறு உலோகங்கள் சேரும் இடங்களில் சூடு வித்தியாசப்பட்டால் தானாகவே சில மைக்ரோவோல்ட் பிறக்கும். முனையைத் திருகிய உன் விரலின் சூடே போதும்.

மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டால் செம்பின் மின்னழுத்தம் குறி மாறும். திருடனுடையது மாறாது. நேராக ஓடவிட்டபோது 21 மைக்ரோவோல்ட், திருப்பிவிட்டபோது −13. 21-லிருந்து −13-ஐக் கழி: 34. பாதி 17. ஓர் ஆம்பியருக்கு 17 மைக்ரோவோல்ட் என்றால் 17 மைக்ரோ ஓம்! 21-இல் 17 போக மீதி 4, சூடு செய்த வேலை. நீ தப்பென்று அழிக்கப் போன எண்தான் அந்தத் திருடனைப் பிடித்துக் கொடுத்தது.

மார்க்குக்காக ரீடிங்கைத் திருத்தும் பழக்கம் நம் லேப்களில் ஊறிக் கிடக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் மாணவனாக இருந்தபோது அழித்தவன்தான். அந்த எண்கள் எதைச் சொல்ல வந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒத்துவராத எண்ணை அழிக்காதவர்களின் கதையைக் கேள். குறைந்த தடையை அளக்கும் பாலச் சுற்றுக்கே கெல்வின் பாலம் என்று பெயர். அப்பேர்ப்பட்ட கெல்வின் பிரபு 1902-இல், கடுங்குளிரில் எலெக்ட்ரான்கள் உறைந்துபோய் உலோகத்தின் தடை எல்லையில்லாமல் ஏறும் என்று கருதினார். நெதர்லாந்தின் லைடன் நகரில் இயற்பியலாளர் காமர்லிங் ஓன்னஸ் தடை குறையும் என்றே எண்ணினார், ஆனால் படிப்படியாக. திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்துச் சுத்தமாக்க முடியும் என்பதால் பாதரசத்தை எடுத்தார். திரவ ஹீலியத்தில் குளிர்வித்தார். 1911 ஏப்ரல் 8 அன்று தடை இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. மறுபடி அளந்தார்கள், மறுபடியும் அளந்தார்கள். 4.2 கெல்வின் அருகே அது படிப்படியாக இறங்கவில்லை, மலை விளிம்பில் விழுவதுபோல் சட்டென்று விழுந்தது. பெரியவர் சொன்னதுக்கும் ஒத்துவரவில்லை, தாம் எதிர்பார்த்ததுக்கும் ஒத்துவரவில்லை. வந்ததை வந்தபடி எழுதினார்கள். தடையே இல்லாமல் மின்னோட்டம் ஓடும் மீக்கடத்தல் உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாயா? சூடு ஆற விட்டாயா? திருப்பிப் போட்டும் அளந்தாயா? அப்புறம் என்ன பயம்? பேனாவை எடு. அந்த −13-ஐ மையால் எழுது.