கோபம் செல்லுமிடம்

மகள் பிறந்து 38ஆவது நாள். இரவு 2:40.

திருத்தணி மலைக்குக் கீழே, ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் எங்கள் வாடகை வீடு. ரேணிகுண்டா பக்கம் போகும் சரக்கு ரயில் ஒன்று நீளமாகக் கடந்து போனது. அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்டது அவள் அழுகை. பால் குடித்தாயிற்று, ஏப்பம் விட்டாயிற்று, துணி மாற்றியாயிற்று, தூளியில் போட்டாயிற்று, தூளியிலிருந்து எடுத்தும் ஆயிற்று. காய்ச்சல் இல்லை. முந்தின வாரம்தான் டாக்டர் முழுசாகப் பரிசோதித்துவிட்டு, "எடை நல்லா ஏறுது, ஒண்ணும் பயமில்ல, மூணு மாசத்துல தானா சரியாயிடும்" என்று அனுப்பியிருந்தார். மூணு மாசம்! எனக்கோ விடிந்தால் சென்னைக்கு ரயில் பிடிக்க வேண்டும்.

அப்போது என் விரல்கள் இறுகின. அவள் விலாவைத் தாங்கியிருந்த இரண்டு கைகளும் தேவைக்கு மேல் இறுகின. "என்னதான்டி வேணும் உனக்கு?" என்று கத்தினேன். அப்படி ஒரு குரல் எனக்குள் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அவளைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, வாசல் படியில் வந்து உட்கார்ந்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

வெளியே சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த இரண்டு நொடியைத் தாண்டி வர எனக்குப் பல நாள் ஆனது. பெற்ற பிள்ளை மேல் இப்படி ஒரு கோபம் வருமா? வந்தால் அவன் என்ன மனுஷன்?

*

நமக்குச் சொல்லித் தரப்பட்டிருப்பது வேறு. பெற்ற பாசம் தானாகச் சுரக்கும், எல்லாவற்றையும் அது பொறுத்துக்கொள்ளும் என்றுதான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். வள்ளுவர்கூட மழலையின் இனிமையை வாத்தியங்களுக்கு மேலாக வைத்தார். ஆனால் மக்கட்பேறு பற்றிய அந்தப் பத்துக் குறளிலும் ராத்திரி அழுகை பற்றி ஒரு சொல் கிடையாது. மழலை வருவதற்கு முன்னால் அழுகை வருகிறது. அதை யாரோ ஒருத்தி இருட்டில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த ஒருத்தியை இலக்கியம் முழுசாக மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. நம் தாலாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். யார் அடித்தார்கள், மாமனா, அத்தையா என்று அவை குழந்தையிடம் வரிசையாக விசாரிக்கும். உண்மையில் குழந்தையை யாரும் அடித்திருக்க மாட்டார்கள். காரணம் தெரியாத அழுகைக்குக் காரணங்களை அடுக்கிப் பார்க்கும் பாட்டு அது. கூடவே பாடுகிறவள் தன் மனக்குறைகளையும் இறக்கி வைத்துவிடுவாள். குழந்தைக்கு அர்த்தம் புரியாது என்பதுதான் அவளுக்கு வசதி.

இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வின்னிகாட் 1949இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சாதாரணமான, அன்பான ஒரு தாய்க்குத் தன் குழந்தை மேல் வெறுப்பு வருவதற்கான காரணங்களை அதில் பெரிய பட்டியலாகவே போட்டிருக்கிறார். அவர் சொல்ல வந்தது தாய் கெட்டவள் என்பதல்ல. அந்த வெறுப்பை உணர்ந்தும் அதைக் குழந்தையிடம் காட்டாமல் இருக்க அவளால் முடிகிறதே, அதைத்தான் அவர் வியந்தார். அவரும் தாலாட்டைத்தான் உதாரணம் காட்டினார்.

*

அப்படியானால் கோபம் வருவது இயல்பு, விட்டுவிடலாமா? அவ்வளவு சுலபமாக என்னை விடுவித்துக்கொள்ள முடியவில்லை. வழி மறித்து நின்றதும் வள்ளுவர்தான்.

வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளில் ஒரு கறாரான கேள்வி இருக்கிறது. உன் கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அடக்கினால்தான் அது அடக்கம். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்கிறார். ஆபீஸில் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். மேனேஜர் எவ்வளவு திட்டினாலும் சிரித்துக்கொண்டே நிற்பேன். அங்கே என் கோபம் செல்லாது, அவ்வளவுதான். அதை இத்தனை வருஷமாகக் குணம் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாலு கிலோ எடையுள்ள ஒரு உயிரிடம் என் கோபம் முழுக்கச் செல்லும். அவளால் ஓட முடியாது, திருப்பி அடிக்க முடியாது, நாளைக்கு யாரிடமும் சொல்லவும் முடியாது. அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஜான் கேஃபி 1972இல் எழுதியது இதைப் பற்றித்தான். கைக்குழந்தையைப் பிடித்து உலுக்கினால் வெளியே காயமே தெரியாமல் மூளைக்குள் ரத்தம் கசியலாம். குழந்தையின் கழுத்துக்குத் தலையைத் தாங்கும் பலம் கிடையாது. அப்படி உலுக்குகிறவர்கள் எல்லாரும் கொடூரர்கள் இல்லை. பலர் என்னைப் போல அழுகையை நிறுத்தப் பார்த்தவர்கள். என்னுடைய இரண்டு நொடி எங்கே போய் முடிந்திருக்கலாம் என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

*

கோபத்துக்கு ஒரு குற்றவாளி வேண்டும். எங்கள் வீட்டில் ஆளாளுக்கு ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். உரம் விழுந்திருக்கு, திருஷ்டி பட்டிருக்கு, வசம்பு சுட்டுத் தடவு. கடைசியில் எல்லாம் என் மனைவியிடம் வந்து நின்றது: "நீ என்ன சாப்பிட்ட?" காரணம் தேடுகிறோம் என்ற பெயரில் ஏற்கெனவே தூங்காத ஒருத்தியை விசாரணைக் கூண்டில் ஏற்றிவிட்டோம்.

பிரேசில்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், 80 குழந்தைகளின் தாய்மார்கள் எழுதிய நாட்குறிப்புகளை வைத்து 1962இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஆரோக்கியமான குழந்தைகளே ஆறாவது வாரத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் அழுதார்கள். அதன்பின் அது குறைந்துகொண்டே வந்தது. ஆப்பிரிக்காவின் கலஹாரியில் குழந்தையை நாள் முழுக்க உடம்போடு சுமக்கும் குங் மக்களிடமும் இதே ஏற்றமும் இறக்கமும் இருப்பதாக 1991இல் ரொனால்ட் பார் குழுவினர் எழுதினார்கள். அங்கே ஒவ்வொரு அழுகையும் நீளத்தில் குறைவு. ஆனால் அழுகை இல்லாமல் இல்லை. ஆக, குற்றவாளி என்று யாருமே இல்லாமல் போகலாம். அவள் என்னை எதிர்த்து அழவில்லை. அழுதாள், அவ்வளவுதான்.

*

அன்றிரவு நான் படியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு அவ்வா கதவைத் திறந்தார். எல்லையோர ஊர் என்பதால் எங்கள் தெருவில் பாதி வீட்டில் தெலுங்குதான்.

"இன்னா நாயனா, பாப்பா இன்னும் தூங்கலியா?"

"இல்ல அவ்வா. என்னால முடியல."

"குடு இங்க. நீ போய்ப் படு."

அவ்வா கைக்குப் போனதும் அழுகை நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. இன்னும் முக்கால் மணி நேரம் அழுதாள். அவ்வா மடியில் போட்டுக்கொண்டு தெலுங்கில் ஏதோ முனகியபடி காலாட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என்னைவிட அவருக்கு என் மகள் மேல் அன்பு அதிகமா? கிடையாது. அவர் ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டார். வித்தியாசம் அதுதான்.

பொறுமையை மனசுக்குள் இருக்கும் ஒரு சரக்கு என்று நினைத்திருந்தேன். அது தூக்கத்தாலும் பக்கத்து வீட்டாலும் ஆனது. ஆறு வாரம் தூங்காதவனிடம் "மனதைக் கட்டுப்படுத்து" என்றால், கட்டுப்படுத்த வேண்டிய மனமும் சேர்ந்துதான் தூங்காமல் கிடக்கிறது. கோபம் வராமல் பார்த்துக்கொள்வது என் கையில் இல்லை. வந்தால் எங்கே இறக்கி வைப்பது, யாரைக் கூப்பிடுவது என்று முன்கூட்டியே பேசி வைப்பது என் கையில் இருக்கிறது. என் கடமை அங்கே ஆரம்பிக்கிறது.

காலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் வந்துச்சுங்க" என்றாள். "பாத்ரூம்ல தண்ணியத் திறந்து விட்டுட்டு நிப்பேன். நான் மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன்." ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே பயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த மறைப்பு கோபத்தைவிட ஆபத்தானது.

*

சூரனோடு போர் முடித்த முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்பதால் இது தணிகை. கந்த சஷ்டிக்கு மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும். இங்கே கிடையாது, அன்றைக்குப் பூவால் அர்ச்சனை. சின்ன வயசில் இது எனக்கு ஏமாற்றமாக இருக்கும். இப்போது யோசித்தால், நியாயமான கோபத்துக்குக்கூடத் தணிய ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. நியாயமே இல்லாத என் கோபத்துக்கு ஒரு வாசல் படியும் ஒரு அவ்வாவும் தேவைப்பட்டதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மகளுக்கு நாலு மாசம் ஆனபோது ராத்திரி அழுகை குறைந்திருந்தது. நாங்கள் எதையும் சாதிக்கவில்லை, அது தன் கணக்கில் குறைந்தது.

போன வாரம் ரயிலில், புதிதாக அப்பாவான ஒரு நண்பன் கண்ணெல்லாம் சிவந்து வந்தான். "எப்படிடா சமாளிச்ச?" என்றான். சமாளிக்கல என்றேன். "கோபம் வரும். வந்தா பாப்பாவ மல்லாக்கப் படுக்க வச்சிட்டு அஞ்சு நிமிஷம் வெளிய வந்து நில்லு. அப்புறம் யாரையாவது எழுப்பு. வெட்கப்படாத."

அவன் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து, "நேத்து வந்துச்சுடா" என்றான்.