அழிந்த பாறையும் அளவைத் துணிபும்

காணப்படாத பொருளைக் கருதலளவையாற் காண்கின்றோம். அவ்வளவை எத்துணைத் தூரம் செல்லும், எவ்விடத்து நிற்றல் வேண்டும் என்பது தருக்க நூலார்க்கு மட்டும் உரிய வினாவன்று. மெய்யுரைத்தல் என்னும் ஒழுக்கத்தைச் சார்ந்த வினாவுமாம். ஏதுவின் அளவுக்கு மிஞ்சித் துணிந்துரைப்பவன், பொய்யுரைக்கும் எண்ணம் இலனாயினும், கேட்பாரைப் பொய்யிற் செலுத்துகின்றான். நிலநூலார் ஆராய்ச்சி ஒன்றினை எடுத்துக்கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

இந்நிலவுலகு தோன்றி ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் ஆயின என்பர். அதன் தொன்மைப் புறவோடு பெரும்பாலும் பசால்ட் போன்ற கரும்பாறையாம். அதிற் சிலிகா என்னும் மணற்சத்து நூற்றுக்கு 50 அளவினது. அச்சத்து 70 அளவிற்கு ஏறிய வெளிறிய எரிமலைப் பாறை ரையோலைட் எனப்படும். அதனிற் சிறிது குறைந்தது டேசைட். கரும்பாறை நீரொடு கூடி ஆழத்திற் சென்று வெந்து ஒருபகுதி உருகுங்கால், மணற்சத்து மிக்க பகுதியே முன்னர் உருகிப் பிரியும். இல்லது தோன்றியதன்று, உள்ளதே பிரிந்து வெளிப்பட்டது. சற்காரியம் பேசும் நம்மனோர்க்கு இஃது இனியதோர் எடுத்துக்காட்டு. கண்டங்கட்கு அடித்தளமாயதும் இவ்வினப் பாறையே ஆதலின், அது முதன்முதல் எப்பொழுது உண்டாயிற்று என்பது பெருவினாவாயிற்று.

மேற்கு ஆஸ்திரேலியாவிற் பில்பரா என்னும் நிலப்பகுதியில், ஏறத்தாழ 345 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட டேசைட்டும் ரையோலைட்டும் இன்றும் உள. எரிமலை கக்கிய துண்டுகள் குவிந்த தோற்றம் அப்பாறையிலேயே காணப்படுதலின் ஆண்டு ஐயத்திற்கு இடமில்லை.

அதற்கு முந்திய காலத்தை நோக்குவார்க்கே இடர்ப்பாடு. அம்மாகாணத்திலேயே ஜாக் குன்றுகளில், ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகட்கு முன் கூழாங்கற்கள் படிந்து இறுகிய பாறை ஒன்றுளது. அதனுட் சிர்க்கான் என்னும் நுண்மணிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 440 கோடி ஆண்டினது என்பது 2001 இல் வெளியாயிற்று. அஃது எங்ஙனம் அறியப்பட்டதெனின், சிர்க்கான் உருவாகுங்கால் யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏலாது. யுரேனியமோ காலத்தாற் சிதைந்து ஈயமாகும். அதன் முதன்மை வகையிற் பாதி சிதைதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டு செல்லும். ஆகவே மணியினுள் உள்ள ஈயமே அதன் வயதைக் காட்டும். மணி உளது, அதனைப் பெற்ற பாறை இன்றில்லை.

கண்ணுக்கு அரிதிற் புலனாகும் மணி ஒன்றினைக் கொண்டு அழிந்த பாறையைத் துணிதல் மிகையன்றோ எனின், அன்று. மகவைக் கண்டு தாய் உண்டென்று துணிதல் போல, மணியைக் கண்டு அதனை ஈன்ற கற்குழம்பு உண்டென்பது பெறப்படும். ஆயின் அத்தாய் இன்ன நாட்டினள், இன்ன நிறத்தினள் என்பது அவ்வளவிற் பெறப்படுமோ? சிர்க்கான் மணற்சத்து மிக்க குழம்பிலேயே பெரிதும் தோன்றுவதாயினும், குறைந்த குழம்பின் எஞ்சிய பகுதியிலும் தோன்றும். ஆறு கலங்கிப் பெருகக் கண்டு மேலே மழை பெய்தது என்பார்க்கு, அணை தடுத்ததாகவும் இருக்கலாமே என்று பண்டைத் தருக்கர் விடுத்த தடை ஈண்டும் பொருந்தும். எரிமலை வாய்வழி வெளிப்போந்ததோ, நிலத்தடியிலேயே ஆறியதோ என்பதும் மணி ஒன்றனால் விளங்காது.

இதனின் நுண்ணியது பிறிதொரு தடை. அம்மணிகளின் உள்ளே படிகக்கல்லும் வெண்மைக்காவும் சிறைப்பட்டிருத்தலை ஏதுவாகக் கொண்டு, தாய்க்குழம்பு கருங்கல்லின் தன்மையது என்று நிறுவினர் சிலர். 2011 இல் வெளிவந்த ஆராய்ச்சி, அவ்வுட்பொருள்களுட் பல பின்னாளிற் பாறை வெம்மையுற்றபொழுது புகுந்தவை என்று காட்டிற்று. பனியைப் புகையென மயங்கி மலையில் தீ உண்டென்றாற்போன்றது இது. மலையில் தீ இல்லையென்று இதனால் முடியாது; அவ்வேதுவாற் தீ நிறுவப்படவில்லை என்பதே முடியும். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மறுப்போர் பலரும் மறந்துவிடுகின்றனர்.

பாறையே கையிலிருப்பினும் வழக்கு ஓயாமைக்குச் சான்று கனடாவின் வடமேற்கில் உளது. அகாஸ்டா ஆற்றயலிலுள்ள இதிவா என்னும் பாறைத்தொகுதி ஏறத்தாழ 402 கோடி ஆண்டினது. இன்றைய ஐஸ்லாந்தில் நிகழ்வது போன்ற முறையால் அது பிறந்தது என்று 2014 இல் ஒரு சாரார் உரைத்தனர். விண்கல் வீழ்ந்த வெம்மையாற் புறவோடு உருகிப் பிறந்தது என்று 2018 இல் மற்றொரு சாரார் உரைத்தனர். குழம்பு ஆழமில்லாத இடத்தில் உண்டாயிற்று என்னுமளவில் இரு சாராரும் ஒத்தனர். அவ்வளவே நாம் துணிபொருளாகக் கொள்வது. எஞ்சியதை ஐயமென்றே வைக்கின்றோம்.