ஊற்றிய கை

தென்கொரியக் குளிர்காலத்தில் அறைக்காற்று வறண்டுவிடும். குழந்தை தூங்கும் அறையில் ஈரப்பதமூட்டி ஓடும். தொட்டியில் கிருமி சேரக் கூடாதே என்று, 1994 முதல் கடைகளில் விற்ற கிருமிநாசினியைப் பெற்றோர் அளந்து தண்ணீரில் ஊற்றினார்கள். கருவி அதையும் நுண்துளிகளாக்கிக் காற்றில் கலந்தது. நுரையீரலைக் கெடுத்தது அந்த மருந்துதான் என்று 2011இல் தெரிய வந்தபோது பல குழந்தைகள் இறந்திருந்தன.

இதில் பெற்றோருக்குப் பங்கு உண்டா?

எண்ணமே வினை என்கிறது பௌத்தம். அந்தக் கணக்கில் தாய்க்குப் பாவமில்லை. ஆனாலும் ‘என் கையால்தானே ஊற்றினேன்’ என்று ஒரு தாய் புலம்பினால், அதை வெறும் மனக்குழப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. குற்றம் இல்லாதபோதும் செய்தவருக்கே உரிய வருத்தம் ஒன்று உண்டு, வேடிக்கை பார்த்தவருக்கு அது வராது என்றார் பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ். தினமும் தண்ணீரை மாற்றி, தொட்டியைத் தேய்த்துக் காயவைத்திருந்தாலே போதும் என்பது அந்த வருத்தத்தை இன்னும் கூட்டுகிறது.