கூண்டுப் பறவைக்கு அபயம் எது?



தசலட்சணப் பருவ நாள்களில், ஊரைவிட்டுச் சென்னையில் குடியேறிய நம்மவர் இல்லம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். பொழுது சாய்வதற்கு முன் உணவை முடித்துவிட்டு, அவ்வீட்டுப் பெரியவரும் அடியேனும் சாமாயிகத்தில் அமர்ந்தோம். மனம் ஒரு நிலைக்கு வரும் வேளையில், பின்கட்டிலிருந்து ஓர் ஓசை எழுந்தது. கிறீச்சென்று தொடங்கி, ஓயாமல், ஒன்றன்மேல் ஒன்றாக வந்த கூச்சல். பெரியவர் கண் திறந்தார். அவர் முகத்தில் இருந்தது சினமா, துயரமா என்று சொல்ல இயலவில்லை.

‘லவ் பேர்ட்ஸ்’ என்று கடைகளில் விற்கிறார்களே, அந்தச் சின்னஞ்சிறு கிளி அது. பேத்தியின் பிறந்த நாளுக்குத் தந்தை ஒரு சோடி வாங்கித் தந்தார். ஆறு திங்களில் ஒன்று இறந்துபோயிற்று. எஞ்சிய ஒன்று அச்சிறுமியையே உலகம் என்று பற்றிக்கொண்டது. அவள் தோளில் அமரும், கூந்தலைக் கோதும், அவள் எழுதினால் எழுதுகோலைக் கவ்வும். அவள் பள்ளிக்குப் புறப்பட்டால் தொடங்கும் கூச்சல், அவள் திரும்பும்வரை விட்டுவிட்டு ஒலிக்கும். பெற்றோர் இருவரும் அலுவலகம் செல்பவர்கள். பகல் முழுவதும் அவ்வோசையோடு வீட்டில் இருப்பவர் பெரியவர் ஒருவரே. அண்டை வீட்டாரும் குறை சொல்லத் தொடங்கிவிட்டனர்.

பெரியவர் என்னிடம் கேட்டார்: “ஐயா, நாளைக் காலை கூண்டைத் திறந்து விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். ஓர் உயிருக்கு விடுதலை தந்தால் அபயதானம்தானே? பருவ நாளில் செய்தால் புண்ணியமும் கூடுமல்லவா?”

கதவோரம் நின்ற சிறுமி மெல்லச் சொன்னாள்: “தாத்தா, அது சத்தம் போடவில்லை. என்னைக் காணோம் என்று கூப்பிடுகிறது.”

இவ்விருவர் சொல்லையும் சீர்தூக்கிப் பார்ப்பதே இன்றைய நம் சிந்தனை.

பெரியவர்க்கு விடை சொல்லுமுன் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வயதில், ஒரு மகாவீர் ஜெயந்தி நாளன்று, அறவுரை கேட்ட உற்சாகத்தில், தெரிந்தவர் வீட்டுக் கூண்டிலிருந்த இத்தகைய சிறு கிளியை யாருக்கும் தெரியாமல் திறந்துவிட்டேன். அது வேப்பமரம் வரை தட்டுத்தடுமாறிப் பறந்தது. அதன் மஞ்சள் நிறம் தொலைவிலேயே கண்ணைப் பறித்தது. சிறிது நேரத்திற்குள் காகங்கள் சூழ்ந்துகொண்டன. பிறகு நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டுவதில்லை. அன்று நான் தந்தது அபயமன்று. என் மனநிறைவுக்கு ஓர் உயிரை விலையாகக் கொடுத்தேன்.

உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு செய்வதையே இம்சை என்கிறார். பிரமாதம் என்றால் விழிப்பின்மை, கருத்தின்றிச் செய்தல். கொல்ல வேண்டும் என்று எண்ணினால் மட்டுமே இம்சை என்று நாம் நினைக்கிறோம். விளைவை ஆராயாமல் கதவைத் திறப்பதும் பிரமாதமே.

இச்சிறு கிளியின் வரலாற்றைப் பாருங்கள். இதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் புல்வெளி. நீரும் விதையும் தேடி, நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கூட்டமாகப் பறப்பது இதன் இயல்பு. 1840-ஆம் ஆண்டில் ஜான் கூல்டு என்னும் பறவையியல் அறிஞர் இதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அதன் பின் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே இறக்கும் குலமாக இதனை மனிதர் ஆக்கிவிட்டனர். இயற்கையில் பச்சையும் மஞ்சளுமாக இருந்த பறவையை, நீலமும் வெள்ளையுமாகவும் பெருக்கினர். இரை தேடவோ, பருந்தையும் காகத்தையும் பூனையையும் அறிந்து விலகவோ கற்றிராத இவ்வுயிரை நம் ஊர் வானில் விடுவது, நீந்தத் தெரியாதவனை ஆற்றில் இறக்கிவிட்டு, ‘உனக்கு விடுதலை’ என்பதற்கு ஒப்பாகும்.

இனிச் சிறுமியின் சொல்லுக்கு வருவோம். அவள் சொன்னதே உண்மை. கூட்டமாக வாழும் கிளியினம், தன் துணை கண்ணுக்கு மறைந்தால் குரல் கொடுக்கும். ‘நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?’ என்பதே அக்குரலின் பொருள். மறுகுரல் கேட்டால் அமைதியுறும்; கேளாவிட்டால் மேலும் உரக்கக் கூவும். விடியலிலும் அந்தியிலும் கூவுவது அதன் பிறவி இயல்பு. ஆகவே நாம் தொல்லை என்பது அதற்கு மொழி. நாம் ஒட்டிக்கொள்ளுதல் என்பது அதற்குக் குலவழக்கம். ஆயிரம் பறவைகளின் இடத்தில் ஒரே ஒரு சிறுமியை நிறுத்தியவர்கள் நாமே.

கிளி ஐயறிவும் மனமும் உடைய விலங்குகதி உயிர். அத்தகைய உயிர் நற்காட்சி பெறவும், ஐந்தாம் குணஸ்தானமாகிய சிராவக நிலையை எய்தவும் வல்லது என்பது நம் ஆகமக் கொள்கை. நாம் நிற்கும் அதே படியில் நிற்கத் தகுதியுடைய ஓர் ஆன்மா அக்கூண்டில் இருக்கிறது. அதனைப் பொம்மையாகக் கருதுவது எவ்வளவு பேதைமை!

கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவை மாட்டுக்கும் வேலையாளுக்கும் மட்டுமே பொருந்தும் என்று எண்ணாதீர்கள். பறவையைக் கூண்டில் அடைத்தல் முதல் அதிசாரம். கத்தும்போது கூண்டைத் தட்டுதல் இரண்டாவது. இறகை நறுக்குதல் மூன்றாவது. தண்டனையாகத் தீனியை எடுத்துவிடுதல் ஐந்தாவது. நான்காவதாகிய பாரம் ஏற்றுதல் பறவைக்கு எங்ஙனம் பொருந்தும் என்கிறீர்களா? கூட்டமாக வாழப் பிறந்த உயிரின்மேல், பகல் முழுவதும் தனிமை என்னும் சுமையை ஏற்றிவைக்கிறோமே, அதுவே அப்பாரம். அச்சுமை தாங்காமல் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் கிளிகளும் உண்டு.

நம் திருத்தக்க தேவர் அருளிய சீவக சிந்தாமணியை எண்ணிப் பாருங்கள். தாயைப் பிரிந்து, சுடுகாட்டில் பிறந்து, பிறர் மனையில் வளர்ந்து, பகைவனால் கட்டுண்ட சீவகன், தன் முற்பிறப்பைச் சாரண முனிவரிடம் கேட்டறிகிறான். முற்பிறப்பில் அவன் பூமிதிலக நகரத்து அரசன் பவணமாதேவனின் மகனாகிய அசோதரன். ஓர் அன்னப் பார்ப்பைப் பிடித்து, அதன் கிளையினின்றும் பிரித்து, சிறைசெய்து வளர்த்தான். தந்தை அறம் உரைக்க, அதனைக் கேட்டுத் துறவும் பூண்டான். ஆயினும் செய்த வினை விடவில்லை. பிரித்ததன் பயன் பிரிவாயிற்று; சிறைசெய்ததன் பயன் சிறையாயிற்று. அசோதரன் அப்பறவையைக் கொல்லவில்லை. ஆசையோடுதான் வளர்த்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆசையோடு செய்த சிறையும் சிறையே.

அப்படியானால் செய்வதென்ன? திறந்துவிட்டாலும் தீவினை, அடைத்துவைத்தாலும் தீவினை என்றால் சிராவகன் எங்கே போவான்? பெரியவரும் இதையே கேட்டார். நான் சொன்னவை இவை:

முதலாவது, இனிப் பறவை வாங்குவதில்லை என்று குடும்பத்தோடு நியமம் ஏற்க வேண்டும். செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் ஒன்றே. வாங்குபவன் இருப்பதால்தான் பிடிப்பவனும் அடைப்பவனும் இருக்கிறார்கள். விழா நாளில் விலை கொடுத்து வாங்கிப் பறக்கவிடுவதும் அவ்வாணிகத்தையே வளர்க்கும்.

இரண்டாவது, அடைக்கலமாக வந்துவிட்ட உயிரை அதன் ஆயுள் முடியும்வரை காக்க வேண்டும். கூண்டைப் பின்கட்டிலிருந்து மனிதர் நடமாடும் கூடத்திற்கு மாற்றுங்கள். ஆனால் அடுக்களை அருகே வேண்டா. ஒட்டாத பூச்சுடைய வாணலி அளவுமீறிச் சூடேறினால் எழும் புகை பறவையின் உயிரையே பறிக்கும். நாள்தோறும் கதவு சன்னல்களை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, அறைக்குள் பறக்கவிடுங்கள். தினையைக் கிண்ணத்தில் கொட்டாமல், கீரைக் கட்டிலும் காகிதச் சுருளிலும் மறைத்துவையுங்கள். தேடி உண்ணும் உயிர்க்குக் கூவ நேரம் குறையும். இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருளும் அமைதியும் கொடுங்கள்.

மூன்றாவது, கூச்சலுக்குக் கூச்சலால் விடை தராதீர்கள். நாம் அதட்டினால் அதுவும் விடை கிடைத்தது என்று கொண்டு மேலும் கத்தும். மெல்லிய சீழ்க்கை ஒன்றை வழக்கமாக்கி, அது தணிந்த குரலில் அழைக்கும்போது உடனே மறுமொழி தாருங்கள். கத்தும்போது கடுமை காட்டாமல் பொறுத்திருங்கள். உத்தம க்ஷமையைப் பத்தில் முதலாக ஓதுகிறோமே, அதனைப் பயிலும் இடம் இதுவே.

நம் நாட்டுப் பச்சைக்கிளியின் நிலை வேறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைப் பிடிப்பதையும் விற்பதையும் வீட்டில் அடைத்து வளர்ப்பதையும் தடைசெய்கிறது. யார் வீட்டிலேனும் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. பறக்கவல்லதா என்று ஆராய்ந்து விடுப்பது அவர்கள் பொறுப்பு. டில்லி சாந்தினி சவுக்கில், நம் திகம்பர லால் மந்திர் வளாகத்தில் உள்ள பறவை மருத்துவமனையிலும், நோய் தீர்த்து, சிறகு வலுத்த பின்னரே பறவைகளை வானில் விடுகிறார்கள். முதலில் நலம், பின்னர் விடுதலை. அதுவே விழிப்புடைய அபயம்.

தை மாதம் மீண்டும் அவ்வில்லம் சென்றேன். கூடத்தில் பெரிய கூண்டு ஒன்று இருந்தது. அதனுள் இரண்டு பறவைகள். அதே தெருவில் ஒரு குடும்பம் வேண்டாம் என்று கைவிட்ட பறவையை விலையின்றி ஏற்று, சில வாரம் தனியே வைத்து நோயில்லை என்று அறிந்தபின் சேர்த்திருந்தார்கள். இரண்டும் நீல மூக்குடைய ஆண்கள். ஆகவே சிறையில் இனம் பெருகாது. விடியலிலும் அந்தியிலும் கூவத்தான் செய்தன. பகலின் ஓலம் அடங்கியிருந்தது. பெரியவர் தம் சாமாயிகத்தைப் பறவைகள் உறங்கிய பின்னர் வைத்துக்கொண்டார்.

சிறுமி மட்டும் சற்று வாடியிருந்தாள். “இப்போதெல்லாம் நான் பள்ளிக்குப் போனால் அது கூப்பிடுவதே இல்லை, ஐயா” என்றாள். கண் கலங்கியிருந்தது.

பெரியவர் அவள் தலையை வருடி, “அது உன்னை மறக்கவில்லை, அம்மா. அதற்குப் பயம் போய்விட்டது. அதைத்தானே அபயம் என்கிறோம்” என்றார்.

அன்பர்களே, அடியேன் பருவ நாள் முழுவதும் பேசியும் விளக்க இயலாத பொருளை அவர் ஒரே சொல்லில் விளக்கிவிட்டார். ஒட்டிக்கொண்டிருந்தது பறவை மட்டுமன்று. ‘என்னைத் தேட ஓர் உயிர் இருக்கிறது’ என்னும் இன்பத்தை நாமும் பற்றிக்கொண்டிருந்தோம். மிகுபொருள் விரும்பாமை உயிரற்ற பொருளுக்கு மட்டுமன்று, உயிருள்ளவற்றுக்கும் உரியது. நம்மை நாடும் உயிர் நம்மை நாடாமலே இன்புற்றிருக்கக் கண்டு மகிழ்வதே பற்றற்ற அன்பு. பிள்ளைகளிடத்தும், பேரப்பிள்ளைகளிடத்தும், வீட்டுக்கு வந்த சிறு பறவையிடத்தும் அவ்வன்பைப் பயில்வோமாக.

எல்லா உயிரும் அச்சம் நீங்கி வாழ்க. அறம் வளர்க.