பெட்டிக்குப் பூட்டு உண்டு, பிள்ளைக்கு?



தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஈப்போவிலிருந்து ஓர் அண்ணன் போன் செய்தார். வாடகை ஸ்டோர் நடத்துகிறவர். பெரிய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றை எடுத்து, உள்ளே சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்து, மாத வாடகைக்கு விடுகிறார். வீட்டில் இடம் போதாதவர்கள், வீடு மாறுகிறவர்கள், ஆன்லைனில் வியாபாரம் செய்கிறவர்கள் என்று பல பேர் சாமான்களை அங்கே வைத்துவிட்டு, தங்கள் பூட்டையே போட்டுக்கொண்டு போவார்கள். அவருக்கு விளம்பரம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஒரு சிறுவர் இல்லத்துக்கு போஸ்டர் அடித்துக் கொடுப்பது என் தொண்டு. அவர் இரண்டையும் சேர்க்கச் சொன்னார்.

“தம்பி, இந்த மாசம் புதுசா ரூம் எடுக்கிற ஒவ்வொருத்தரோட முதல் மாச வாடகையும் இல்லத்துக்குத்தான். பிள்ளைங்க நம்ம டீ-சட்டையைப் போட்டுக்கிட்டு, ஸ்டோர் முன்னால பெட்டியைத் தூக்கிக்கிட்டு நிக்கட்டும். ஒரு படம் எடுத்துடு. அவங்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.”

கேட்கும்போது எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. இல்லத்து அம்மா உடனே சம்மதித்தார். அரிசி வேண்டும், பள்ளி வேன் கட்டணம் பாக்கி. ஒரு சனிக்கிழமை காலை பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினேன். பதினொரு வயது இருக்கும், ஒரு பிள்ளை மட்டும் மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் போய்ப் போய் நின்றது. “முன்னால வாம்மா” என்றேன். கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்: “அண்ணே, நான் இல்லத்துல இருக்கேன்னு என் ஸ்கூல்ல யாருக்கும் தெரியாது.”

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது செய்தது இதுதான்: “சும்மா ஓரமா நில்லும்மா, ஒன்னும் தெரியாது” என்று சொல்லிவிட்டுப் படத்தை எடுத்தேன். அவளும் வந்து நின்றாள். ராத்திரி கணினியில் படத்தைத் திறந்தால், எல்லாப் பிள்ளைகளும் கேமராவைப் பார்க்கிறார்கள். அவள் கண் மட்டும் தரையில் இருக்கிறது.

அந்த ஒரு படத்திலிருந்து இரண்டு கேள்விகள் எழுந்தன. விளம்பரத்துக்காகச் செய்கிற தர்மம் தர்மமாகுமா? அதைவிடக் கஷ்டமான கேள்வி: வாங்கிக்கொள்கிற பிள்ளையின் முகம் யாருக்குச் சொந்தம்?

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். நம்மில் பலர் வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அவ்வளவு சுலபமில்லை. யாருக்கும் தெரியாமல் ஓர் இல்லம் நடந்தால், யாரும் தெரியாமலே அது மூடப்பட்டும் விடும். ஊருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் பேராக் மண்ணிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தபோது, பால்மரத்தை நம்பியிருந்த நம் குடும்பங்கள் தெருவுக்கு வரும் நிலை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள், அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசாமல் அந்தப் பத்து வெள்ளி வந்திருக்குமா? அதுவும் விளம்பர வேலைதான். ஆனால் அங்கே மேடையில் காட்டப்பட்டது யாருடைய பரிதாபமும் இல்லை. “நீயும் சேர்ந்தால் நாம் நிலத்துக்குச் சொந்தக்காரர்” என்று சொல்லப்பட்டது. கொடுத்தவனும் பெற்றவனும் ஒரே ஆள்.

வள்ளுவரும் புகழைப் பழிக்கவில்லை. ஈகையை 23ஆம் அதிகாரமாக வைத்தார். அடுத்த 24ஆம் அதிகாரமே புகழ். அந்த வரிசையைக் கவனியுங்கள். கொடுத்தால் புகழ் பின்னால் வரும், வரட்டும். புகழை முன்னால் வைத்துக்கொண்டு கொடுக்கப் போனால்தான் சிக்கல். கோயிலில் ட்யூப் லைட் கொடுக்கிறவர் அதன் மேலேயே தன் பெயரையும் அப்பா பெயரையும் எழுதிவிட, வெளிச்சம் பாதியாகக் குறைகிற கதையை நாம் எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்வோம். சிரிப்பில் விஷயம் இருக்கிறது. பெயர் போட்டது தப்பில்லை, வெளிச்சத்தை மறைத்ததுதான் தப்பு.

பகவத் கீதை 17ஆம் அத்தியாயத்தில் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. கடமை என்று நினைத்து, திரும்ப எதையும் எதிர்பாராமல், தக்க இடத்தில், தக்க காலத்தில், தக்கவருக்குக் கொடுப்பது சாத்விகம். கைம்மாறும் பலனும் எதிர்பார்த்து, மனசில்லாமல் கொடுப்பது ராஜசம். இடம், காலம், ஆள் பார்க்காமல், மரியாதை இல்லாமல், இகழ்ச்சியோடு கொடுப்பது தாமசம். இந்தக் கணக்கில் அண்ணனின் திட்டம் எங்கே வரும்? புது வாடிக்கையாளர் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது, ஆகவே ராஜசம். அதைச் சொன்னால் அவர் கோபப்பட மாட்டார், வியாபாரி இல்லையா? நேர்மையான வியாபாரம் வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. விளம்பரச் செலவை விளம்பரச் செலவு என்று கணக்கில் எழுதட்டும். பானையில் போட்டால் எந்த அரிசியும் வேகும், பசித்த வயிறு குணம் பார்க்காது.

இங்கேதான் நாம் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறோம். தானத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கொடுக்கிறவன் மனசையே ஆராய்கிறோம். வாங்குகிறவன் மனசை யார் பார்ப்பது? கீதை தாமசம் என்று சொல்வதில் “மரியாதை இல்லாமல்” என்ற ஒரு சொல் இருக்கிறதே, அது வாங்குகிறவன் பக்கமிருந்து பேசுகிறது. வள்ளுவரும் இரவச்சம் என்று தனி அதிகாரமே வைத்து, கையேந்தும்போது மனிதனுக்குள்ளே என்ன சாகிறது என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்பிள்ளை கையேந்தவே இல்லை. அவள் முகத்தை வைத்து நான் ஏந்தினேன்.

இது இன்றைக்கு முளைத்த பிரச்சினை இல்லை. லண்டனில் 19ஆம் நூற்றாண்டில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய தாமஸ் பர்னார்டோ, “முன்பு – பின்பு” என்று இரண்டு இரண்டாகப் படங்கள் அச்சடித்து நிதி திரட்டினார். முதல் படத்தில் கந்தல், இரண்டாவதில் சுத்தமான உடுப்பு. படத்துக்காகவே பிள்ளைகளை மேலும் மோசமாகக் காட்டினார் என்று புகார் எழுந்து, 1877இல் விசாரணை நடந்தது. பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுபட்டார், அந்தப் படங்களுக்காக மட்டும் கண்டிக்கப்பட்டார். அவர் ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர், அதில் சந்தேகமில்லை. சோறு போட்ட கையே முகத்தையும் விற்கலாமா என்ற கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது. இன்றைக்கு நிலைமை இன்னும் மோசம். அன்றைய அச்சுப்படம் கிழிந்துவிடும். முகநூலில் போட்ட படம் அந்தப் பிள்ளை வேலைக்கு இன்டர்வியூ போகும்போதும், கல்யாணப் பேச்சு நடக்கும்போதும் அங்கேயே இருக்கும்.

நம் நாட்டுச் சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15ஆவது பிரிவு, வழக்கில் சம்பந்தப்பட்ட, குற்றத்துக்கு ஆளான, சட்டப்படி பாதுகாப்பில் எடுக்கப்பட்ட சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. ஐக்கிய நாட்டுச் சபை 1989இல் ஏற்றுக்கொண்ட சிறார் உரிமை ஒப்பந்தத்தில் மலேசியா 1995இல் சேர்ந்தது. அதன் 16ஆவது பிரிவு பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. ஓர் இல்லத்தில் எந்தப் பிள்ளை எந்தச் சூழ்நிலையில் வந்து சேர்ந்தது என்று வாசலில் நிற்கும் நமக்குத் தெரியாது. தெரியாதபோது படம் எடுக்காமல் இருப்பதுதான் நியாயம்.

“இல்லத்து அம்மாதான் சம்மதிச்சாங்களே?” என்று கேட்பீர்கள். அவர் அரிசிக்காகச் சம்மதித்தார். “பிள்ளையே வந்து நின்னுச்சே?” வந்து நின்றது உண்மைதான். டீ-சட்டையும் மதியச் சாப்பாடும் கொண்டுவந்த அண்ணனிடம் ஒரு பிள்ளையால் முடியாது என்று சொல்ல முடியுமா? முடியாது என்று சொல்ல வழி இல்லாத இடத்தில் வாங்கிய சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் அண்ணனைப் பார்க்க ஸ்டோருக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றபோது, ஒரு வாடிக்கையாளர் தன் அறைக்குள் என்னென்ன வைத்திருப்பார் என்று விளையாட்டாகக் கேட்டேன். அண்ணன் சட்டென்று சொன்னார்: “அது எனக்குத் தெரியாதுடா. தெரிஞ்சுக்கவும் கூடாது. பூட்டு அவங்களது. அடுத்தவங்க பெட்டிய நான் தொறந்து பாத்தேன்னு தெரிஞ்சா, நாளைக்கே கடைய மூட வேண்டியதுதான்.”

நான் சொல்ல வந்ததை அவரே சொல்லிவிட்டார். அடுத்தவர் அலமாரியை, பழைய தையல் மெஷினை, செத்துப்போன அம்மாவின் சேலைப் பெட்டியை இவ்வளவு பத்திரமாக மூடி வைக்கிறோம். வாடகை கட்டுகிறவரின் பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது. வாடகை கட்ட வழியில்லாத பிள்ளையின் வாழ்க்கையை மட்டும் ரோட்டோரப் பேனரில் திறந்து காட்டலாமா? “அண்ணே, அந்தப் பிள்ளைக்கும் ஒரு பூட்டு வேணும்ணே” என்றேன்.

தமிழில் இதற்கு அடைக்கலம் என்று ஓர் அழகான சொல் இருக்கிறது. நம்பி ஒப்படைக்கப்பட்டது. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு பகுதி உண்டு. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற ஆயர் மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். பெரிய செல்வம் எதுவும் இல்லாத பெண் மாதரி. தன்னிடம் விட்டதைக் காக்க முடியவில்லையே என்று பின்னர் அவள் தீயில் விழுந்தாள் என்று காப்பியம் சொல்கிறது. அப்படிச் சாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடைக்கலப் பொருளை நம் முன்னோர் எவ்வளவு கனமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்குச் சொல்கிறேன்.

எங்கள் பாட்டி தோட்டத்து ஆயாக்கொட்டகையைப் பற்றி அடிக்கடி சொல்வார். விடியுமுன் பெரட்டுக்குப் பெயர் கொடுக்க ஓடும் தாய்மார் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார்கள். அது சொர்க்கம் என்று பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை. பெண்கள் வேலைக்கு வர வேண்டும் என்பதற்காக நிர்வாகம் வைத்திருந்த கொட்டகைதான். இருந்தாலும் அங்கே கிடந்த பிள்ளையை யாரும் “பாவம்” என்று பார்க்கவில்லை, ஏனென்றால் லயத்தில் எல்லா வீட்டுப் பிள்ளையும் அங்கேதான் கிடந்தது. தோட்டம் போயிற்று, லயமும் போயிற்று. பாட்டி ஒரு தகரப் பெட்டியோடு லோரியில் ஏறி டவுனுக்கு வந்தார். இன்று நமக்கு வீடு கொள்ளாத சாமான், வெளியே அறை எடுத்து வைக்கிறோம். பிள்ளைகள் மட்டும் “நம்ம பிள்ளைங்க” என்பதிலிருந்து “இல்லத்துப் பிள்ளைங்க” ஆகிவிட்டார்கள்.

விளம்பரம் கடைசியில் எப்படி வந்தது? முகங்கள் இல்லை. ஸ்டோர் கதவு முன்னால் பாட்டியின் தகரப் பெட்டி ஒன்று. கீழே இல்லத்தின் ஒரு மாதச் செலவு: அரிசி, வேன், மின்சாரம், மருந்து, எது எவ்வளவு என்று. அண்ணனுக்கு முதலில் பிடிக்கவில்லை. “முகம் இல்லாம எவன்டா காசு குடுப்பான்?” என்றார். அவர் பயந்தது முழுக்கத் தப்பும் இல்லை. எதிர்பார்த்த அளவுக்கு அழைப்புகள் வரவில்லை. இல்லத்து அம்மாவிடம் அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. கொள்கைக்கு விலை நான் கொடுக்கவில்லை, அவருடைய அரிசிப் பானை கொடுத்தது. இதை மறைத்துவிட்டு “அறமே வென்றது” என்று எழுதினால் அதுவும் பொய் விளம்பரம்தான். குறைந்ததை ஈடுகட்ட எங்கள் கிளை உறுப்பினர்கள் மாதம் பத்து வெள்ளி என்று போட ஆரம்பித்தோம். படம் எடுப்பதைவிட அது கஷ்டம், ஏனென்றால் ஒவ்வொரு மாதமும் கொடுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் நல்லபடி நடந்தது. தீபாவளி நேரத்தில் இல்லத்துக்குப் பிரியாணியும் உடுப்பும் பள்ளிப் பைகளும் குவியும், மூன்று மாதம் கழித்து யாரும் வர மாட்டார்கள். அண்ணன் ஒரு சின்ன அறையை இலவசமாகக் கொடுத்தார். எலி வரும் என்பதால் சாப்பாட்டுச் சாமான் வைக்க முடியாது. சப்பாத்து, பை, சீருடை எல்லாம் அங்கே வைத்து, பள்ளித் தவணை தொடங்கும்போது எடுக்கிறோம். சாவி இல்லத்து அம்மாவிடம் இருக்கிறது. இதற்கு அண்ணன் பேனர் போடவில்லை. நான் எழுதுகிறேன், பெயர் சொல்லாமல்.

அந்தப் பெண்பிள்ளையிடம் படத்தை அழித்துவிட்டேன் என்று சொன்னேன். “நெசமாவா?” என்று கேட்டு, என் போனை வாங்கி அவளே தேடிப் பார்த்தாள். நம்பவில்லை. நான் முதலில் சொன்னது “ஒன்னும் தெரியாது” என்பதுதானே? நம்பாதது நியாயம்தான்.

கிளைக் கூட்டத்தில் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்:

1. சேவைக்குப் போகும்போது நாம் எடுக்கும் படத்தில், நம் தங்கை அந்த இடத்தில் நின்றால் அதை வெளியிடுவோமா?

2. படம் எடுக்கக் கூடாது என்று சொன்னால், அந்தச் சேவைக்கு நம்மில் எத்தனை பேர் வருவோம்?

3. நம் வட்டாரத்து இல்லத்துக்குத் தீபாவளி முடிந்து மூன்றாம் மாதத்தில் என்ன தேவைப்படும்? யார் கேட்டுத் தெரிந்துகொள்வது?

மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். அதற்குப் பதில் தேட யாராவது ஒருவர் போன் செய்தாக வேண்டும்.