அவனையும் விளையாட்டுக்குக் கூப்பிடுங்க

நண்பர்களே, ஒரு தப்பை ஒத்துக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கணும்.

சனிக்கிழமைகளில் நாங்கள் சிலர் சேர்ந்து பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறோம். இந்த வருஷம் தொடக்கநிலை நான்கு படிக்கும் ஒரு பையன் வந்து சேர்ந்தான். பள்ளியில் மீத்திறன் வகுப்பு. முதல் நாளே நான், "இவர்தான் நம்ம புரொஃபசர்!" என்று அறிமுகப்படுத்தினேன். பெருமையாத்தான் சொன்னேன். பேர் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது வாரம் சொல்வதெழுதுதல். பையனுக்கு லகர, ளகர, ழகரம் எல்லாம் குழப்பம். "புரொஃபசருக்கே தெரியலையா?" என்று வகுப்பே சிரித்தது. அவன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். விளையாட்டு நேரத்தில் அவனை யாரும் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போகும்போது மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, அடுத்த வாரம் நான் வரலைன்னா பரவாயில்லையா?"

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. சிரித்தது பிள்ளைகள். ஆனால் அவனைத் தனியாகத் தூக்கி வைத்தது நான்தானே? இகழ்ச்சிதான் ஒருவனை ஒதுக்கும் என்று நினைக்கிறோம். புகழ்ச்சியும் ஒதுக்கும்.

சிங்கப்பூரில் மீத்திறன் கல்வித் திட்டம் 1984ல் தொடங்கியது. தொடக்கநிலை மூன்றில் தேர்வு வைத்து, ஏறத்தாழ 1 விழுக்காட்டுப் பிள்ளைகளை எடுத்து, ஒன்பது பள்ளிகளில் படிக்க வைத்தார்கள். பலர் கூட்டாளிகளை விட்டுப் பள்ளி மாறினார்கள். இந்த முறை மாறும் என்று 2024 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார். இனி அப்படிப்பட்ட பிள்ளைகள் தங்கள் பள்ளியிலேயே இருப்பார்கள். அதாவது, உங்கள் தம்பி தங்கைக்குப் பக்கத்து மேசையில்.

அந்தத் தம்பி தங்கையிடம் நாம் என்ன சொல்லப்போகிறோம்? "எல்லாரும் ஒண்ணுதான்" என்றால் நம்ப மாட்டார்கள். கணக்கை யார் முதலில் முடிக்கிறார் என்று அவர்களுக்கே தெரியும். "அவனைப் பார்த்துக் கத்துக்கோ" என்றால் பொறாமைதான் வரும். உண்மையைச் சொல்வதே நல்லது. கணிதமேதை ராமானுஜனே கும்பகோணம் கல்லூரியில் மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர். ஒன்றில் வேகம் என்றால் எல்லாவற்றிலும் வேகம் என்று அர்த்தமில்லை. அந்த வேகம் அவன் கேட்டு வாங்கியதும் இல்லை. அதற்காக அவனைக் கும்பிடவும் வேண்டாம், குத்திக்காட்டவும் வேண்டாம்.

மறுவாரம் அவன் வந்தான். வகுப்பு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். ஒரு பெண் பிள்ளை விடவில்லை: "அப்ப அவன் ஜீனியஸ் இல்லையாண்ணா?"

"கணக்குல ரொம்ப வேகம்மா. ழகரத்துல உன்னை மாதிரிதான். கிண்டல் பண்ணா வலிக்கிறதும் உன்னை மாதிரிதான்."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவனிடம் திரும்பி, "கேட்ச்சிங் விளையாட வர்றியா? ஆனா நீதான் முதல்ல பிடிக்கணும்," என்றாள்.

அவன் ஓடினான். ஒருத்தரையும் பிடிக்க முடியவில்லை. மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அவனும் சேர்ந்து சிரித்தான்.